சத்தம் என்று சொன்னவர்

படம் தொடங்குவதற்கு முன் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், அதைத் தாண்டிவிட வேண்டாம் என்று நான் சங்கச் செயலாளரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். முதல் நாள் போனில் சொன்னேன். படியேறி வந்ததும் சொன்னேன். அவர் புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றும் சொன்னேன். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். விளக்கை அணைத்தார்கள். திரை கறுத்தது. எங்கோ ஆழத்திலிருந்து வயலின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து வரத் தொடங்கின. நான் மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குள் அவர் லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டி, அந்த இசை முழுவதையும் தாண்டி, நேராகப் பெயர் போடும் இடத்துக்குப் போய்விட்டார்.

மதுரையில் எங்களுக்கு ஒரு சிறிய திரைப்படச் சங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டியூட்டோரியல் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பழைய படங்கள் பார்ப்போம். செயலாளர் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் பேசுவார், நிறையப் படித்தவர், இருமினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி இருமுவார். அந்த மாதம் அறிவியல் புனைகதைப் படம். அறுபதுகளில் வெளிநாட்டில் எடுத்தது. அதன் இசையைப் பற்றிப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கேட்டதும் அவர்தான். நான் மிஷன் பள்ளி ஒன்றில் வேதியியல் டீச்சர். சர்ச் ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருஷமாக வயலின் வாசிக்கிறேன். சங்கத்தில் வாத்தியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

பேசும்போது நான் சொன்னது இதுதான். காதலுக்கு என்ன வாசிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். சாவுக்குத் தெரியும், கல்யாணத்துக்குத் தெரியும், சண்டைக்கும் தெரியும். மனிதன் காலே வைக்காத ஒரு கிரகத்துக்கு என்ன வாசிப்பது? அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் சிலர் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பழகிய ராகமோ தாளமோ அந்த இடத்துக்கு ஒட்டாது என்று கண்டார்கள். அதனால் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை உட்கார வைத்து, ஆளுக்கொரு சுரத்தைக் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தால் தேன்கூட்டுக்குள் தலையை விட்டதுபோல இருக்கும். வில்லின் மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டச் சொன்னார்கள். விரலை எடுக்காமல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். சொல்லே இல்லாமல் பாட வைத்தார்கள். பயமாக இருக்கும். அழகாகவும் இருக்கும். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு எதைக் கேட்கிறோம் என்றே தெரியாது. அதற்குத்தான் அந்தக் கறுப்புத் திரை. கண்ணுக்கு வேலை இல்லை, காதைத் திறங்கள் என்று சொல்வதற்காக.

இவ்வளவையும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் அதை ஓட்டித் தள்ளினார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. விண்கலம் அந்தக் கிரகத்தில் இறங்குகிறது. கதவு திறக்கிறது. அப்போது கிளம்பும் அந்த ஓசைக்காகத்தான் நான் அந்தப் படத்தையே சிபாரிசு செய்திருந்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ "காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துறான்யா" என்றார்கள். செயலாளர் உடனே எட்டி ஸ்பீக்கரின் திருகைக் குறைத்துவிட்டார். திரையில் மனிதர்கள் வாயில்லாப் பூச்சிகள்போல நடந்துகொண்டிருந்தார்கள். மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

படம் முடிந்ததும் வழக்கம்போல விவாதம். நான் எழுந்தேன்.

"சார், நான் அம்புட்டுச் சொல்லியும் அந்த ஆரம்பத்த ஏன் ஓட்டிவிட்டீங்க?"

"மேடம், திரை இருட்டாவே இருந்தா கரண்டு போயிருச்சுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"அதுக்குத்தான நான் பேசினேன். கிரகத்துல இறங்கும்போது சத்தத்தையும் குறைச்சீங்க."

"நீங்களே சத்தம்னு சொல்லிட்டீங்க பாருங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. "கோவிச்சுக்காதீங்க. அது மியூசிக் இல்ல. சவுண்ட் எஃபெக்ட். கதவு கிரீச்சுன்னா ஒரு சத்தம் போடுறோம்ல, அந்த மாதிரி."

அப்போது என் பக்கத்து நாற்காலியிலிருந்து இன்னொருவர் பேசினார். வாத்தியம் தெரிந்த இரண்டாவது ஆள். ரயில்வே அலுவலகத்தில் வேலை. எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிப்பவர். செல்லோ என்பது வயலினுக்கு அண்ணன். உட்கார்ந்துகொண்டு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி வாசிப்பது. என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்பார். அதிகம் பேசாதவர்.

"சார், ஒரு விசயம். அது மிஷினுல வந்தது இல்ல. எம்புட்டோ பேரு தாளை முன்னால வச்சுக்கிட்டு ஒக்காந்து வாசிச்சது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதிருக்காங்க. பிடிக்கலன்னு சொல்லுங்க. மியூசிக்கே இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

செயலாளர் அவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் மறக்காத சிரிப்பு அது.

"தம்பி, ஒங்க தெருப் பக்கம் சத்தம்னா பழக்கம். கேட்டுக் கேட்டு வளந்திருப்பீங்க. எங்களுக்குக் காது வேற மாதிரி பழகிப்போச்சு."

நண்பரின் குடும்பம் சமயநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். ஒங்க தெரு என்றால் எந்தத் தெரு, அங்கே எது சத்தம், யார் அடிக்கும் பறை என்பதெல்லாம் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர் சங்கத்தில் சேர்ந்த அன்று எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம் என்று செயலாளர் அக்கறையாக விசாரித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்ன சொன்னீங்க சார்?" என்று கேட்டேன்.

"சும்மா தமாசுக்கு மேடம்."

"யாருக்குத் தமாசு?"

நண்பர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் இருந்த அடுக்கின்மேல் வைத்தார். "வாரேன்கா" என்றார் என்னிடம் மட்டும். படியிறங்கிப் போய்விட்டார். செயலாளர் அடுத்த மாதப் படத்தை அறிவித்தார். கை தட்டினார்கள். அதை நான் சொல்லியே ஆக வேண்டும், கை தட்டினார்கள்.

நான் இந்த மாதிரி இசைக்குள் வந்தது தற்செயல்தான். கல்யாணமான புதிதில் வில்லாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு மத்தியானம் கேபிள் டிவியில் படம் போடப்போவதாக அறிவித்ததும் திரை கறுத்துவிட்டது. என் கணவர் எழுந்து டிவியின் தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். "இருங்க, பாட்டு வருது" என்றேன். "பாட்டா இது? ஓயரு லூசாயிருச்சு" என்று இன்னொரு அடி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து கீர்த்தனையும் ஞானப்பாட்டும் வாசித்த கை என்னுடையது. ஒவ்வொரு சுரமும் வீட்டுக்குத் திரும்பிவரும் பிள்ளை மாதிரி முடிய வேண்டிய இடத்தில் வந்து முடியும். இதில் எதுவும் வீட்டுக்குத் திரும்பவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றிலிருந்து தேடித் தேடிக் கேட்டேன். என் கணவர் இன்றுவரை இதை ரசித்ததில்லை. ஆனால் பிறகு ஒரு நாளும் டிவியை அடித்ததில்லை. பிடிக்காத ஒன்றோடு எப்படி நடந்துகொள்வது என்று மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

நண்பரும் நானும் பேசிப் பழகியதற்கும் இந்த இசைதான் காரணம். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகை இடைவேளையில் அவர் செல்லோவின் குதிரைக்குப் பின்னால், வாசிக்கக் கூடாத இடத்தில், வில்லை மெதுவாக வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். தந்திகளைத் தாங்கும் சின்ன மரப்பலகையைத்தான் குதிரை என்போம். அதற்கு அந்தப் பக்கம் இழுத்தால் துருப்பிடித்த வானம் போல ஒரு ஓசை வரும். "இத எங்க கேட்டீங்க?" என்றேன். கேட்ட படத்தின் பெயரைச் சொன்னார். நான் அதே படத்தின் இன்னொரு இடத்தை வயலினில் வழுக்கிக் காட்டினேன். பாடகர் குழுவிலிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்படித் தொடங்கிய சிநேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் செயலாளருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

"நான் தப்பா என்ன சொன்னேன் மேடம்? அவுங்க பண்பாட்டப் பத்தித்தான சொன்னேன். அதுல இழிவு இருக்குன்னு நீங்கதான் நெனைக்கிறீங்க."

இப்படித் திருப்பிப் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. "அவரு ஒண்ணும் பறையடிக்கிறவரு இல்ல சார். செல்லோ வாசிக்கிறவரு" என்றேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. நம்ம ஆண்டு விழாவுல வந்து அந்தச் சத்தத்த வாசிச்சுக் காட்டுங்க. மியூசிக்தான்னு ஜனங்க ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்."

சாயங்காலமே நண்பரைப் பார்க்கப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்று பேசினோம். நான் கொதித்துப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"பறையடிக்கிறவரு இல்லன்னு எதுக்குக்கா சொன்னீங்க?"

"அவரு அப்படிப் பேசினாரு, அதான்."

"எங்க பெரியப்பா அடிச்சாரு. நல்லா அடிப்பாரு. அதுவும் சத்தம் இல்லக்கா. நீங்க அத அவருகிட்ட விட்டுக்குடுத்துட்டு எனக்கு மட்டும் இடம் கேட்டிருக்கீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போனதை எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அப்ப ஆண்டு விழாவுல பறையும் சேத்து வாசிப்போம். செல்லோவும் பறையும். அவரு மூஞ்சியப் பாக்கணும்" என்றேன்.

"வேண்டாம்கா. அவரு ஒரு வார்த்த சொன்னாருங்கறதுக்காகப் பறையக் கொண்டாந்து காட்சிக்கு வைக்கணுமா? எங்கிட்ட செல்லோ இருக்கு. அதத்தான் வாசிப்பேன். அவரு முன்னாடி பரீட்ச எழுத மாட்டேன். அம்புட்டுத்தான்."

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது. அவருக்காகச் சண்டைக்கு நிற்கிறேன், அவர் என்னைத் திருத்துகிறாரே என்று. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். "சண்டை அவரோடது. நீ எதுக்கு முன்னாடி ஓடுற?" என்று கேட்டுவிட்டு அவர் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் நண்பரே வந்தார். சமயநல்லூரில் அவருடைய மைத்துனர் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது. "மாப்ளகிட்ட கேட்டேன். எடுத்துக்கங்கன்னுட்டாப்ல. நம்ம பாட்டுக்கு வாசிப்போம்கா. யாருக்கும் நிரூபிக்க வேண்டாம். கேக்க ஆசப்படுறவுக வரட்டும்."

பேச்சே இல்லாத காலத்து ராக்கெட் படம் ஒன்றிலிருந்து கால் மணி நேரம் ஓடும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டோம். அதற்கு நாங்களே புதிதாக ஒன்று எழுதினோம். எழுதினோம் என்றால் சுரம் சுரமாக இல்லை. எந்த இடத்தில் யார் நுழைவது, எதுவரை வழுக்குவது, எப்போது எல்லோரும் நிறுத்துவது என்று கோடும் வளைவுமாகப் போட்டுக்கொண்டோம். ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து நாலைந்து வயலின்காரர்கள் சம்மதித்தார்கள். காதைப் பொத்திக்கொண்ட அந்தப் பெண்களில் சிலரும் பாட வந்தார்கள்.

ஒத்திகைக்குச் சர்ச்சின் சிறிய ஹாலைக் கேட்டு வாங்கியிருந்தோம். இரண்டாவது ஒத்திகையிலேயே பாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், கமிட்டிக்குப் பயந்த மனிதர்.

"சிஸ்டர், கமிட்டியில பேச்சு வந்துருச்சு. பிசாசு பிடிச்ச மாதிரி சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க."

"பாஸ்டர், வயலின்தான். எல்லா ஞாயித்துக்கிழமையும் வாசிக்கிற அதே வயலின்."

"வார்த்தை இல்லாமப் பாடுறாங்களாமே. வார்த்தை இல்லாமப் பாடினா அது யாருக்கு சிஸ்டர்?"

"வானத்தையும் பூமியையும் படைச்சாருன்னு வாராவாரம் சொல்றோமே. அந்த வானத்தப் பத்தித்தான் பாடுறோம். அதுக்கு வார்த்த எங்ககிட்ட இல்ல."

அவர் மனம் இளகும் என்று எதிர்பார்த்தேன். "சாவியக் குடுத்துருங்க சிஸ்டர்" என்றார்.

போன கிறிஸ்துமஸுக்கு அதே ஹாலில் கீபோர்டை வைத்து ஒரு பொத்தானை அமுக்கி, அதிலிருந்து வந்த டிரம்ஸுக்குப் பிள்ளைகளை வாயசைக்க வைத்தார்கள். யாரும் பாடவில்லை, யாரும் வாசிக்கவில்லை. அதற்குப் பிசாசு என்று எந்தக் கமிட்டியும் பெயர் வைக்கவில்லை. அது சந்தோஷமாக இருந்ததாம். சந்தோஷமாக ஒலிக்கும் பொய்க்கு ஹால் உண்டு. கையால் வாசிக்கும் பயத்துக்கு இல்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பிறகு எங்கள் வீட்டில் ஒத்திகை. வில்லாபுரத்தில் இப்போது சொந்த வீடு. மாடியில் ஒரு அறை இருக்கிறது. விமானம் தாழப் பறக்கும்போது நிறுத்திக்கொள்வோம். முதல் நாளே எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "யாருக்கும் ஒடம்புக்கு முடியலையா?" என்று கவலையாகக் கேட்டார். என் கணவர் வாசலில் நின்றுகொண்டு, "ராக்கெட் விடுறாங்கம்மா. நிலாவுக்குப் போற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தட்டவில்லை.

நிகழ்ச்சி அன்று மண்டபம் பாதிக்குமேல் நிறைந்துவிட்டது. நண்பரின் சொந்தக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், என் பள்ளி டீச்சர்கள், சும்மா வெளிச்சத்தைப் பார்த்து நுழைந்தவர்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் ஜிகினாத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்கீழ் நாங்கள் உட்கார்ந்தோம். ஓசை கேட்க வேண்டுமென்று விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். ஆடிக் காற்று கதவு வழியாக வந்ததால் பிழைத்தோம். நெடுஞ்சாலைப் பக்கத்து மண்டபம் என்பதால் லாரிகளின் ஹார்னும் கூடவே வந்தது.

செயலாளரும் வந்திருந்தார். நாங்கள் அழைக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரையில் ராக்கெட் கிளம்பத் தயாரானது. நண்பர் செல்லோவின் அடித்தந்தியில் வில்லை வைத்து இழுத்துக்கொண்டே, இடது கையால் முளையைத் திருகித் தந்தியைத் தளர்த்தினார். ஓசை இறங்கி இறங்கித் தரைக்குள் போயிற்று. நாற்காலியின் காலில் அதை உணர முடிந்தது. அதன்மேல் வயலின்கள் ஒவ்வொன்றாக ஏறின. யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை "பேயாம்மா?" என்று கேட்டது. பின்னாலிருந்து ஒருவர் "ஒரு நல்ல பாட்டாப் போடுங்கப்பா" என்றார். "ஏய், பேசாம இருய்யா, ராக்கெட்டு போகுதுல்ல" என்று ஒரு பெண் குரல் அதட்டியது. நிலவின் தரை வந்தபோது எல்லோரும் வில்லைத் திருப்பி மரத்தால் தட்டினோம். பெண்கள் வாய் மூடி ம் என்று தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் மூச்சு முடியும்வரை. மண்டபத்தில் இருமல்கூட இல்லை. நடுவில் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. நண்பர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்த ஹார்னின் சுரத்தைப் பிடித்து அங்கிருந்து கீழே வழுக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பேர் பாதியில் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். என் பள்ளி டீச்சர் ஒருத்தி தலைவலி மாத்திரை கேட்டாள். நண்பரின் அம்மா மேடைக்கு வந்து மகனிடம், "ஏய்யா, எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. இன்னுங் கொஞ்சம் வாசிக்கக் கூடாதா?" என்றார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனர், "மாப்ள, கல்யாணத்துக்கு மட்டும் இத வாசிச்சிராத" என்றார். எல்லோரும் சிரித்தோம். செயலாளர் முடிவதற்கு முன்பே போயிருந்தார்.

மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எடுத்த படங்கள் வந்தன. கீழே அவர் எழுதியிருந்தார். நம் சங்கத்தின் தூண்டுதலால் சமயநல்லூரில் ஓர் ஒலி விளைவு நிகழ்ச்சி நடந்தது. எளிய பின்னணியிலிருந்து வருகிறவர்களும் இத்தகைய முயற்சிகளில் ஈடுபடுவது பாராட்டுக்குரியது. அதற்கடியில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள், பூங்கொத்துகள்.

இரண்டாம் பீரியடுக்கு மணி அடித்திருந்தது. நான் ஆய்வகத்தில் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தூண்டுதலாம். அந்தக் காலத்துப் படம் ஒன்றில் இசையமைத்தவர்களின் பெயரோடு இசை என்ற சொல்லைப் போட மறுத்துவிட்டார்கள், வேறு ஏதோ சொல்லைப் போட்டார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்போது, எங்கோ எப்போதோ நடந்த அநியாயம் என்று நினைத்தேன். இங்கே, என் கைபேசியில், ஜிகினாத் தோரணத்தின்கீழ் நாங்கள் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு அடியில் அதுவே இருந்தது. இசை என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. எங்களை அவமானப்படுத்தியதைத் தூண்டுதல் என்று எழுத மட்டும் வந்திருக்கிறது.

நான் பதில் எழுதத் தொடங்கி, கோபத்தில் எழுத்துப் பிழையாகப் போட்டு, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் நண்பரே எழுதிவிட்டார். இரண்டு வரிதான். "சார், டியூட்டோரியல் மாடியில் என் தெருவைப் பற்றி நீங்கள் சொன்ன வார்த்தையை இங்கே எழுதுங்கள். எல்லோரும் படித்த பிறகு பாராட்டலாம்."

பூங்கொத்துகள் நின்றன. கொஞ்ச நேரத்தில் செயலாளர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அன்று என்ன நடந்தது என்று வராதவர்கள் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். என்னையும் நீக்கினார். பிறகு நாலைந்து பேர் தாங்களாகவே விலகினார்கள். அன்று மாடியில் கை தட்டியவர்களில் ஒருவர் வீட்டுக்கே வந்து வருத்தம் சொன்னார். "என்கிட்ட எதுக்கு? அவருகிட்ட சொல்லுங்க" என்றேன். சொன்னாராம். மற்றவர்கள் இருக்கிறார்கள். சங்கம் நடக்கிறது. மாதா மாதம் படம் போடுகிறார்கள்.

செயலாளர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இனி கேட்பார் என்று நான் நினைக்கவும் இல்லை. நண்பர் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்க்கெஸ்ட்ராவில் அவர் செல்லோவும் என் வயலினும் கீர்த்தனைகளை ஒழுங்காக வாசிக்கின்றன. மற்ற நேரத்தில் எங்கள் மாடியில் ஒழுங்கில்லாமல் வாசிக்கிறோம். எதிர்வீட்டு அம்மா சிலசமயம் வந்து படியில் உட்காருகிறார்.

போன மாதம் அவனியாபுரம் காய்கறிக் கடையில் செயலாளரைப் பார்த்தேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு. அவரே வந்து பேசினார்.

"நல்லாருக்கீங்களா மேடம்? தம்பி எப்படி இருக்காப்ல? வாசிக்கிறாப்லயா இன்னும்?"

"அவரு நம்பரு ஒங்ககிட்ட இருக்குல்ல சார். நீங்களே கேளுங்க."

"அதுக்கென்ன, கேட்டாப் போச்சு" என்றார். சிரித்தார். அதே சிரிப்பு. நான் தக்காளியைத் தராசில் வைத்துவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என் பின்னால் நின்றிருந்துவிட்டுப் போனார். அவர் போனில் கேட்கவில்லை. நண்பரிடம் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.